கேத்தோடு ஏன் ‘இறங்கும் வழி’?

அன்புள்ள ஐயா,

‘கேத்தோடு’ என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘கீழே போகும் வழி’ என்று பொருள் என அகராதியில் பார்த்தேன். மின்சாரத்தால் பொருளைப் பிரிக்கும் மின்பகுப்புக் கலத்தில் அனோடு, கேத்தோடு என்ற இரண்டு தகடுகளும் பக்கத்துப் பக்கத்தில்தானே நிற்கின்றன? இதில் மேல் எது, கீழ் எது? கேத்தோடைத் தமிழில் எதிர்மின்வாய் என்று சொன்னால் தெளிவாகவே இருக்கிறதே?

ஒரு வேதியியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அகராதி சொல்வது சரிதான். ‘ஹோடோஸ்’ என்றால் வழி. ‘அனா’ மேல்நோக்கி, ‘கட்டா’ கீழ்நோக்கி. ஆனால் அந்த மேலும் கீழும் கலத்தில் இல்லை, சூரியனிடம் இருக்கிறது.

1834-இல் மின்பகுப்பை ஆராய்ந்த ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேவுக்கு இந்தத் தகடுகளுக்குப் புதுச் சொற்கள் தேவைப்பட்டன. கம்பிக்குள் உண்மையில் எது ஓடுகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. அதுவரை தகட்டுக்கு வழங்கிய ‘துருவம்’ என்ற சொல்லோ, தகடுதான் பொருளை இழுக்கிறது என்று எண்ண வைத்தது. அவருக்குத் தகடு வெறும் வாசல். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி வளர்ந்த அவருக்குக் கிரேக்கம் தெரியாது. கேம்பிரிட்ஜில் இருந்த அறிஞர் வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்.

ஃபாரடே மனதில் ஒரு படம் இருந்தது. பூமியின் காந்தத்துக்குக் காரணம் அதைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் என்று வைத்துக்கொண்டால், அது கிழக்கிலிருந்து மேற்கே, சூரியன் போகும் திசையில் ஓட வேண்டும். கலத்தையும் அதே திசையில் வையுங்கள். மின்னோட்டம் நுழையும் பக்கம் சூரியன் ஏறும் பக்கம். வெளியேறும் பக்கம் அது இறங்கும் பக்கம். அதனால்தான் ஏறும் வழி அனோடு, இறங்கும் வழி கேத்தோடு. எவ்வளவு அழகான படம்! ‘போவது’ என்று பொருள்படும் ‘அயான்’ என்ற சொல்லும் அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் பிறந்தது. மின்னூட்டம் கொண்ட அணுவையோ அணுக்கூட்டத்தையோ குறிக்கும் அதை நாம் அயனி என்கிறோம்.

அப்புறம், எதிர்மின்வாய் தெளிவு என்கிறீர்கள். அங்கே நான் உடன்படவில்லை. மின்பகுப்பில் கேத்தோடு எதிர்க்குறி உடையது, உண்மை. ஆனால் மின்சாரம் தந்துகொண்டிருக்கும் பேட்டரியில் கேத்தோடுதான் நேர்முனை! குறியை வைத்துப் பெயரிட்டதால் எத்தனையோ மாணவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். கிரேக்கச் சொல் குறியைப் பற்றிப் பேசுவதே இல்லை, வழியை மட்டும் சொல்கிறது. 1897-இல் இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார். மின்னோட்டத்துக்கு நாம் குறிக்கும் திசைக்கு நேர் எதிராக அது ஓடுகிறது என்றும் தெரியவந்தது. அப்போதும் அந்தச் சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை கணக்குப் போடும்போது குறியை விட்டுவிடுங்கள். மின்னோட்டம் எந்தத் தகடு வழியாகக் கலத்துக்குள் நுழைகிறது என்று பாருங்கள். அதுதான் அனோடு. மற்றது கேத்தோடு.

அன்புடன்