தபால்தலை கேள்வி பதில்: கட்டம் இருக்கிறது, பக்கம்தான் வேறு

கேள்வி: அமெரிக்க நினைவுத் தபால்தலைகளை ஆண்டுவாரியாக அடுக்கி வருகிறேன். ஓக்லஹோமா மாநிலமாகி 50 ஆண்டு நிறைந்ததற்கு 1957-ல் வந்த 3 சென்ட் தலைக்கு ஆல்பத்தில் கட்டம் இருக்கிறது. அலாஸ்கா, ஹவாய் மாநிலங்களானபோது வந்தவற்றுக்கு 1959-ஆம் ஆண்டுப் பக்கத்தில் கட்டமே இல்லையே?

பதில்: விமானத் தபால் பக்கத்தைப் புரட்டுங்கள். இரண்டுமே 7 சென்ட் விமானத் தபால்தலைகள். தபால்தலைகளை எண்ணிட்டுப் பட்டியலிடும் ஸ்காட் கேட்டலாக்கில் அலாஸ்கா சி53, ஹவாய் சி55; எண்ணுக்கு முன்னால் வரும் ‘சி’ விமானத் தபாலைக் குறிக்கும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அலாஸ்கா தலை 1959 ஜனவரி 3-ல் ஜூனோவில் வெளியானது. கருநீலம், மாநில வரைபடத்தோடு சப்தரிஷி மண்டலமும் துருவ நட்சத்திரமும் இருக்கும். சிவப்பு நிற ஹவாய் தலை ஆகஸ்ட் 21-ல் ஹொனலுலுவில் வெளியானது. அதில் பழைய ஹவாய் வீரன் ஒருவன் பூமாலையை நீட்டுகிறான். அதிபர் ஐசனோவர் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே நாட்கள்தான் இவை. மாநிலமாக்கும் சட்டங்கள் 1958 ஜூலையிலும் 1959 மார்ச்சிலுமே நிறைவேறிவிட்டதால், படம் வரைந்து அச்சடிக்க அவகாசம் இருந்தது.

பல் அளவு இரண்டுக்கும் 11 × 10½. அதாவது மேல், கீழ் ஓரங்களில் 2 சென்டிமீட்டருக்கு 11 துளை, பக்கவாட்டில் பத்தரை. ஒரு ஓரத்தில் மட்டும் பல் குட்டையாக இருந்தால் கத்தரி பட்டிருக்கலாம். அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஹொனலுலு முத்திரையோடு ஹவாய் தலை ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். ஊறவைத்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முத்திரையில் 1959 ஆகஸ்ட் 21 என்ற தேதி இருந்தால் அது முதல் நாள் உறை. தலையைப் பிரித்துவிட்டால் கையில் மிஞ்சுவது சாதாரணத் தலைதான்.

அப்படி எந்தச் சிறப்பும் இல்லாத உறையாக இருந்தால், தலையைச் சுற்றி அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். விமான உறையின் சிவப்பு, நீலக் கோடுகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அவற்றையும் வெட்டி எறியுங்கள். அந்த மை தண்ணீரில் கரைந்து தலையில் ஏறிவிடும், பிறகு போகாது. தட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, படம் மேலே தெரியும்படி 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள். தானாகக் கழன்று வரும் வரை இழுக்காதீர்கள். பொறுமையில்லாமல் இழுப்பதால்தான் மூலை மெலிந்துபோகிறது. பின்புறத்துப் பசையை விரலால் மெல்லத் தடவிக் கழுவி, மை உறிஞ்சும் தாளில் படம் கீழாக வைத்து உலர்த்தி, ஓரிரவு கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள்.

கேள்வி: முத்திரை படாத ஜோடி ஒன்று கிடைத்தது. பெரிய விலை போகுமா?

பதில்: போகாது. ஒவ்வொன்றிலும் 8 கோடிக்கு மேல் அச்சடித்தார்கள். ஆனாலும் பசை கெடாமல் காப்பாற்றுங்கள்: கையால் தொடாமல் சாமணத்தால் எடுங்கள், ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் பொருத்தும் சிறு பசைத்தாள்) ஒட்டாதீர்கள், பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் ஆல்பத்தை நிமிர்த்தி நிறுத்தி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவையுங்கள். படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் ஈரப்பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும்.