சுரை வேரில் தர்பூசணி

கேள்வி: சமூகத் தோட்டத்தில் என் தர்பூசணிக் கொடிகள் வாடிச் சாகின்றன. சுரையில் ஒட்டுக் கட்டியும் பத்தில் எட்டு மூன்றே நாளில் காய்ந்தன. பிழைத்த இரண்டும் காய் பிடித்ததும் வாடின. எங்கே தப்பு?
– வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அடித்தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் மண்ணிலுள்ள ஃபியுசேரியம் பூஞ்சைதான். தர்பூசணியைத் தாக்கும் வகை சுரை வேரில் எளிதில் ஏறாது. ஆக, தேர்வு சரி, தப்பு கைவேலையில்.

சுரை விதையை ஒரு வாரம் முந்திப் போடுங்கள். சுரையில் முதல் இலை தலைகாட்டி, தர்பூசணியில் வித்திலைகள் (விதையிலிருந்து முதலில் வரும் இரட்டை இலைகள்) விரிந்ததும் தொடங்கலாம். சுரையின் நடுக்குருத்தைத் துளி மிச்சமின்றிக் கிள்ளுங்கள். மிஞ்சினால் அது தளிர்த்து ஒட்டை அமுக்கிவிடும். சாத்தே குச்சியை (இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி) 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, ஒரு வித்திலையின் அடியிலிருந்து எதிர்ப்பக்கத் தண்டை நோக்கிச் சாய்வாகக் குத்துங்கள். எதிர்த்தோலில் முனை லேசாகத் தெரிந்தால் போதும். குச்சி அப்படியே இருக்கட்டும். தர்பூசணித் தண்டை வித்திலைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே புது பிளேடால் அறுத்து, இருபுறமும் ஆப்புபோல் சீவி, குச்சியை உருவிய கையோடு செருகுங்கள். கிளிப் வேண்டாம்.

சுரைத் தண்டின் நடுவே குழல் உண்டு. நேர்கீழாகக் குத்தினால் தர்பூசணி அதன் வழியே தன் வேரை மண்ணுக்கு இறக்கிவிடும். நோயும் அதே வழியில் ஏறும். ஒட்டு மண்ணில் புதைந்தாலும் இதே கதிதான். உங்கள் கடைசி இரண்டு செடிகளும் இப்படிப் போயிருக்கலாம்.

மற்ற எட்டும் ஈரமின்றிக் காய்ந்தவை. நம்மூர்க் காற்றில் இல்லாத ஈரமா என்று தோன்றும். மழையில்லாத பிற்பகலில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு இறங்கும். ஒட்டுக்கு 95 வேண்டும். மூடிபோட்ட டப்பாவின் உட்சுவரில் நீர் தெளித்து (வெட்டுவாயில் படக்கூடாது) மூன்று நாள் இருட்டில் வையுங்கள். தாழ்வார வெயில் பட்டால் செடி வெந்துவிடும். நான்காம் நாளிலிருந்து மூடியைச் சிறுகச் சிறுகத் திறந்து பத்தாம் நாள் எடுத்துவிடலாம்.

கேள்வி: இரண்டு வேர்களை ஒரே கொடியில் ஒட்டினால் ராட்சதப் பரங்கிக்காய் காய்க்குமா? என் பாத்தி 2.5 மீட்டருக்கு 1 மீட்டர்.
– வாசகர், ஜூரோங்

பதில்: காய்க்காது. பருமன் முதலில் விதையின் குணம். ‘அட்லாண்டிக் ஜெயண்ட்’ போன்ற ரகம் வேண்டும். பிறகு இலைப்பரப்பு: போட்டிக்கு வளர்ப்போர் ஒரே கொடிக்கு 40 சதுர மீட்டருக்கு மேல் விட்டு, ஒரு காயை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ரகத்துக்குக் குளிர்ந்த இரவும் வேண்டும். இங்கே இரவிலும் 25 பாகை. கூடுதல் வேர்தான் வேண்டுமென்றால் ஒட்டே தேவையில்லை, கணுக்களை மண்ணில் பதித்தால் அங்கங்கே வேர்விடும். உங்கள் பாத்திக்குச் சிறிய பரங்கியைப் பந்தலில் ஏற்றுங்கள்.