காது கேட்கும் கருவி: வாசகர் கேள்விகளுக்கு நிபுணர் பதில்

கேள்வி: அப்பாவுக்குக் காதின் பின்னால் மாட்டும் கருவி வாங்கியிருக்கிறோம். சாப்பிடும்போதெல்லாம் 'கீ' என்று விசிலடிக்கிறது. பழுதான கருவியைக் கொடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது, பொருத்தத்தில்தான் இருக்கும். மைக் வாங்கும் ஒலியை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது, ரிசீவர் என்ற குட்டி ஸ்பீக்கர் அதைக் காதுக்குள் விடுகிறது. பெருக்கிய ஒலி இடுக்கு வழியாகக் கசிந்து மறுபடி மைக்குக்கே போனால், திரும்பத் திரும்பப் பெருகி விசிலாகிறது.

எங்கே கசிகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கருவி ஆனில் இருக்கும்போதே காதிலிருந்து எடுத்து, மோல்டின் (காதின் அச்சில் செய்து காதுக்குள் வைக்கும் பகுதி) ஒலி வரும் துளையை விரலால் இறுக்க மூடுங்கள். விசில் நின்றால் கருவியும், மோல்டுக்கு ஒலியைக் கொண்டுபோகும் டியூபும் நன்றாக இருக்கின்றன, மோல்டுதான் காதில் சரியாக உட்காரவில்லை. நிற்காவிட்டால், டியூபை ஹூக்கிலிருந்து (கருவியைக் காதின் மேல் மாட்டும் கொக்கி) மெதுவாகக் கழற்றி ஹூக்கின் நுனியை மூடிப் பாருங்கள். இப்போது நின்றால் டியூபில் விரிசல். டியூப் மஞ்சளாகி விறைத்திருந்தாலே மாற்ற வேண்டியதுதான். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஹூக்கை மூடியும் விசில் அடங்கவில்லை என்றால்தான் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

சாப்பிடும்போது மட்டும் வருவதற்குக் காரணம் தாடை. மெல்லும்போது காதுத் துவாரத்தின் வடிவமே மாறும், அந்த நேரத்தில் இடுக்கு விழும். வாயைத் திறந்து வைத்து அச்செடுத்துப் புது மோல்டு செய்தால் பெரும்பாலும் தீரும். அதற்கு முன் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடைப்பில் பட்டு ஒலி திரும்பினாலும் விசில் வரும். மோல்டின் மேல் வளைவு காது மடலின் மடிப்புக்குள் போகாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். காதருகே உள்ளங்கையைக் கொண்டுபோகும்போது மட்டும் லேசாக வந்தால் கவலை வேண்டாம்.

தயவுசெய்து ஒலியளவைக் குறைத்து விசிலை அடக்காதீர்கள். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய உதவும் உச்ச ஒலிகளும் அதோடு போய்விடும். பேச்சு கேட்கும், ஆனால் புரியாது.

கேள்வி: கருவி போட்டதும் என் குரலே எனக்குக் கும்மென்று அதிர்கிறது. பழகிவிடுமா?

முதலில் ஒரு சோதனை. கருவியை ஆஃப் செய்து, காதிலேயே வைத்துக்கொண்டு 'ஈ', 'ஊ' என்று இழுத்துச் சொல்லுங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் காது அடைபட்டிருப்பதுதான் காரணம். நாம் பேசும்போது எலும்பு வழியாகக் காதுத் துவாரத்தின் சுவரும் அதிர்கிறது. திறந்த காதில் அந்தத் தாழ்ந்த ஒலி வெளியேறிவிடும், மூடிய காதில் சிக்கிக்கொள்ளும். மோல்டின் காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம், அல்லது மோல்டுக்குப் பதிலாகத் திறந்த டோம் (ஓட்டைகள் உள்ள மென்மையான முனை) போடலாம். ஆனால் கேட்புக் குறைவு கடுமையாக இருந்தால் துளையைப் பெரிதாக்க ஆக்க விசில் தலைகாட்டும். அப்போது இன்னும் ஆழமாக உட்காரும் மோல்டுதான் வழி.

ஆஃப் செய்ததும் அதிர்வு மறைந்தால், தாழ்ந்த ஒலிகளுக்குக் கொடுத்த பெருக்கம் அதிகம். ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியை அமைக்கும் நிபுணர்) கம்ப்யூட்டரில் வைத்துக் குறைத்துவிடுவார். லேசான வித்தியாசம் என்றால் சில வாரங்களில் பழகும். அதிர்வையே சகித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் நன்றாகக் கேட்கிறது. கூட்டத்தில் ஒன்றும் புரிவதில்லை. விலை அதிகமான கருவிக்கு மாறலாமா?

மாறுவதற்கு முன், இருக்கும் கருவி உங்கள் காதுக்கு அளந்து அமைக்கப்பட்டதா என்று கேளுங்கள். மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறை அருகே வைத்து, கருவி போட்ட நிலையில் காதுக்குள் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளப்பார்கள். இதைச் செய்யாவிட்டால், மென்பொருள் சராசரிக் காதை மனதில் வைத்துப் போட்ட கணக்கோடுதான் கருவி ஓடும். உங்கள் துவாரத்தின் நீளமும் அகலமும் அதற்குத் தெரியாது. எங்கள் பார்வையில், இந்த அளவீடு இல்லாமல் கருவி மாற்றுவது வீண் செலவு.

அளந்த பிறகும் ஓரளவு சிரமம் இருக்கத்தான் செய்யும். உள்காதின் மயிர்ச் செல்கள் சேதமானால் ஒலிகளைப் பிரித்தறியும் திறனும் குறைகிறது, அதைக் கருவி முழுதாக ஈடுகட்டாது. இரட்டை மைக் உள்ள கருவியில் முன்னால் இருப்பவர் பேச்சுக்கு முன்னுரிமை கிடைக்கும். அதனால் இரைச்சலுக்கு முதுகைக் காட்டி, பேசுபவரைப் பார்த்து 1 மீட்டர் தூரத்தில் உட்காருங்கள்.

கேள்வி: புது பேட்டரி போட்ட கொஞ்ச நாளிலேயே தீர்ந்துவிடுகிறதே?

இது காற்றோடு சேர்ந்து வேலை செய்யும் துத்தநாக பேட்டரி. ஸ்டிக்கரை உரித்ததும் போட்டுவிடாமல் 3 முதல் 5 நிமிடம் வெளியே வையுங்கள். உரித்துவிட்டால் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டிப் பயனில்லை. பேட்டரியின் அளவு எண்ணுக்குரிய நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் கருவியை வையுங்கள். புது பேட்டரி போட்டும் சத்தம் மங்கலாகவே இருந்தால் ரிசீவர் முனையில் உள்ள குறும்பித் தடுப்பானை மாற்றுங்கள். குழந்தை பேட்டரியை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.