வாசகர் கேள்விகள்: பூரட்டாதிப் பக்கத்துக் கோள்கள்

கேள்வி: பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன என்றும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை எந்தத் தொலைநோக்கியும் நேரில் கண்டதில்லை என்றும் படித்தேன். காணாத ஒன்றை இருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: நியாயமான ஐயம். இதே ஐயத்தை வானியலாளர்களும் எழுப்பினார்கள். அது எப்படித் தீர்ந்தது என்பதே உங்களுக்கான விடை.

சிறு வயதில் அப்பாவின் கைகளைப் பற்றிக்கொண்டு தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். குழந்தை பெரிய வட்டம் அடிக்கும்போது, நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும் அப்பாவும் சற்றே பின்னால் சாய்ந்தபடி ஒரு சிறு வட்டம் அடிப்பார். கோளும் விண்மீனும் அப்படித்தான். குழந்தை இருட்டில் மறைந்திருந்தாலும் அப்பாவின் அசைவைக் கொண்டு, அது எவ்வளவு கனம், எத்தனை நேரத்தில் ஒரு சுற்று வருகிறது என்று கணக்கிட்டுவிடலாம். ரயில்வே கேட்டில் நிற்கும்போது, நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் கடந்து சென்றபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதுபோல நம்மை நோக்கி நகரும் விண்மீனின் ஒளி நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் மிக நுண்ணிய அளவில் இடம்பெயரும். மிஷெல் மேயர், திதியே கெலோ ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டில் ‘51 பெகாசி’ என்ற விண்மீனில் இதையே அளந்தார்கள். அது நொடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைந்தது, அசைவு 4.2 நாள்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தது. நம் புதனுக்கே சூரியனைச் சுற்றிவர 88 நாள் தேவைப்படும்போது, வியாழனின் பாதி அளவுக்கு நிறையுள்ள ஒரு கோள் நான்கே நாளில் சுற்றுவதைப் பலரால் ஏற்க முடியவில்லை. கோளே இல்லாமல், விண்மீனின் மேற்பரப்புதான் விம்மித் தணிகிறதோ என்றுகூடக் கேட்டார்கள்.

அந்த ஐயத்தைத் தீர்த்தது 1999ஆம் ஆண்டு. எச்டி 209458 என்ற விண்மீனின் அசைவை வைத்து, அதன் கோள் நமக்கும் விண்மீனுக்கும் குறுக்கே வரக்கூடிய நேரத்தை முன்கூட்டியே கணித்தார்கள். கணித்த நேரத்தில் விண்மீனின் ஒளி ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு குறைந்து, சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அளவீடுகள் ஒரே கோளைச் சுட்டின. இத்துறையின் மிக அழகான தருணம் இதுவே என்பது என் எண்ணம். நோபல் பரிசு பெற்ற (2019) முதல் கண்டுபிடிப்பைவிட இதையே நான் உயர்வாக வைப்பேன்.

2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் தொலைநோக்கி இந்த ஒளிக்குறைவைத் தேடியே 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது. பூமி போன்ற ஒரு கோள் சூரியனை மறைத்தால் ஒளி பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். அது ஒருமுறை தெரிந்தால் போதாது; குறைந்தது மூன்று முறை, சம இடைவெளியில் தெரிய வேண்டும். ஓராண்டுக்கு ஒருமுறை சுற்றும் கோளுக்கு இது எத்தனை பொறுமையைக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரடியாகப் படம்பிடிக்கப்பட்டவையும் சில உண்டு. எச்ஆர் 8799 என்ற விண்மீனைச் சுற்றும் கோள்களின் படம் 2008இல் வெளியானது.

கேள்வி: கே2-18பி என்ற கோளில் உயிர் இருப்பதற்கான தடயம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்ததே, அது உண்மையா?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: இன்னும் இல்லை. சிம்ம ராசியின் திசையில், 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்தக் கோளின் வளிமண்டலத்தில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகள் காட்டின. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர், டைமீத்தைல் சல்பைடு என்ற வாயுவின் சாயலும் தெரிவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். நம் கடல்களில் நுண்ணிய மிதவை உயிரிகள் வெளியிடும் வாயு அது. ஆனால் அதே தரவுகளை ஆராய்ந்த பிற குழுக்கள் அந்தச் சாயல் உறுதியானதன்று என்கின்றன. மேலும், உயிருக்கு இடமில்லாத ஒரு வால்மீனிலும் அந்த வாயு கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே வாயு உறுதியானாலும் உயிர் உறுதியாகிவிடாது. அந்தக் குழுவினரே மேலும் அளவீடுகள் வேண்டும் என்றுதான் கூறினார்கள். தலைப்பு எழுதியவர்கள் அந்த வரியை விட்டுவிட்டது எனக்கு வருத்தமளித்தது.

கேள்வி: எங்கள் பகுதியில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும் உள்ளன. புதிய கோள்களையும் கிரகம் என்று சொல்லலாமா?
(வாசகர், வைத்தீஸ்வரன் கோயில்)

பதில்: சொல் ஒன்றுதான், பொருள் வேறு. நவக்கிரகங்களில் சூரியனும் சந்திரனும், நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இடங்களான ராகு கேதுவும் அடங்கும். வானியலில் கோள் என்பது விண்மீனைச் சுற்றிவரும் பொருள் மட்டுமே. அவற்றுள் ஒன்றுக்கு, 2019ஆம் ஆண்டில் நம் நாட்டின் சார்பில் ‘சந்தமச’ என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌதுரியின் நினைவாக ‘பிபா’ என்று பெயர்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இவற்றில் எதையாவது காட்ட முடியுமா?
(வாசகர், வேதாரண்யம்)

பதில்: கோளைக் காட்ட முடியாது, அதன் விண்மீனைக் காட்டலாம். முதல் பதிலில் சொன்ன மூன்று விண்மீன்களும் பெகாசஸ் என்ற ஒரே மண்டலத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. நம் பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் உத்திரட்டாதியின் இரண்டும் சேர்ந்து வானில் ஒரு பெரிய சதுரமாகத் தெரியும். பூரட்டாதியின் இரண்டையும் கோட்டால் இணைத்து, அதன் நடுப்பகுதிக்குச் சற்று மேற்கே பார்த்தால் மங்கலாகத் தெரிவது 51 பெகாசி. ஐப்பசியில் அது இரவில் ஏறக்குறைய உச்சியில் நிற்கும் என்றாலும், மழைமேகம் உங்களைப் பார்க்க விடாது. மழை விட்டபின், மார்கழித் தொடக்கத்தில் இரவு ஏழு மணி அளவில், உச்சிக்குச் சற்று மேற்கே தேடுங்கள். உப்பளப் பக்கம் தெருவிளக்கு எட்டாத இடமாகவும், அமாவாசையை ஒட்டிய நாளாகவும் இருக்கட்டும். வெறும் கண்ணுக்கு அது எல்லைக்கோட்டில்தான் தெரியும் என்பதால், ஒரு பைனாகுலரை இரவல் வாங்கிச் செல்லுங்கள்.