கார்பன் கூரை: இரும்பை வெட்டும் முன்

பி.எம்.டபிள்யூ ஈ46 எம்3 காரின் இரும்புக் கூரையை எடுத்துவிட்டு கார்பன் ஃபைபர் கூரை ஒட்டுவது பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும். மற்ற வண்டிகளுக்கும் வேலையின் முறை ஏறக்குறைய இதுதான்; அளவுகள் மாறும்.

செட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, எடை நிஜமாகவே குறையுமா, இல்லை பார்வைக்கு மட்டும்தானா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், தம்பி. கூரைத் தகடு சுமார் ஒன்றரை சதுர மீட்டர். 0.8 மி.மீ. இரும்பு என்றால் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதே பரப்பில் 1.5 மி.மீ. கார்பன் மூன்றரை கிலோதான். ஆக மிச்சம் ஆறு கிலோவுக்குள். 2003-இல் கார்பன் கூரையோடு வந்த, எடை குறைத்த வடிவமான எம்3 சி.எஸ்.எல். சாதாரண எம்3-ஐவிட 110 கிலோ குறைவு. அதில் கூரையின் பங்கு சின்னதுதான்.

ஆனால் அந்த ஆறு கிலோ வண்டியின் உச்சியில் இருக்கிறது. உங்கள் வண்டியில் சன்ரூஃப் (கூரையில் திறக்கும் ஜன்னல்) இருந்தால் அதன் பெட்டி, மோட்டார், கண்ணாடி எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு 20 கிலோ போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், கூரை 1.35 மீட்டர் என்று எடுத்தால், தகடு மட்டும் மாறும்போது மையம் மூன்று மி.மீ. சொச்சம் இறங்கும், சன்ரூஃபும் போனால் 15 மி.மீ. அளவுக்கு இறங்கும். லாபம் முக்கியமாக சன்ரூஃபில்தான். சன்ரூஃப் இல்லாத வண்டியில், அதுவும் தெருவில் மட்டும் ஓடுகிற வண்டியில், இந்த வேலையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஃபீனிக்ஸ்: இருக்கிற கூரைக்கு மேலேயே மெல்லிய கார்பன் தோல் ஒட்டுகிறார்களே, அது போதாதா?

அது எடையைக் கூட்டும். இடுக்கில் தண்ணீர் நின்றால் அடியில் துரு பிடிப்பதும் வெளியே தெரியாது. வேண்டாம்.

லாடியம்: இணையத்தில் வாங்கும் கார்பன் கூரைப் பேனல் நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ரெசின் (கார்பன் நாரைப் பிணைக்கும் பிசின்) எந்த வெப்பத்தில் இளகத் தொடங்கும் என்பதை. கையால் பூசி, சாதாரண அறை வெப்பத்தில் இறுக விட்ட எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். இங்கே கோடைக்காலமான ஜனவரி வெயிலில் பிரிட்டோரியாவில் நிறுத்திய கறுப்புக் கூரை 70 டிகிரியைத் தாண்டும். அப்போது நெசவின் தடம் வார்னிஷுக்கு மேலே எழும்பும், நடுவில் தொய்வு விழும். சூளையில் படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்திய பேனல்தான் வேண்டும். ஆட்டோகிளேவில் (அழுத்தச் சூளையில்) வெந்த ப்ரீப்ரெக், அதாவது ரெசின் முன்பே ஊறிய கார்பன் துணி, உத்தமம். வெற்றிட முறையில் ரெசின் இழுத்து, பிறகு 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்ததும் நன்றாகவே இருக்கும். இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது அடிப்பக்கம். ஓரம் முழுக்க ஓர் அடுக்கு கண்ணாடி நார் இருக்க வேண்டும். காரணத்தைத் துருவைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். பேனல் வந்து சேர்ந்ததும், எதையும் வெட்டுவதற்கு முன், பழைய கூரையின் மேலேயே வைத்து வளைவை ஒப்பிட்டுப் பாருங்கள். மூலைகளில் நாலைந்து மி.மீ. தூக்கி நின்றால் அமுக்கிச் சரி செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அமுக்கி ஒட்டிய பேனல் காலம் முழுக்க பசையை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்புங்கள்.

லெனேசியா: வண்டியைப் பேனல் பீட்டர் (தகடு வேலை செய்பவர்) கடையில் கொடுக்கப் போகிறேன். வெட்டும் வேலையில் எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?

பேட்டரியைக் கழற்றி, சிறிது நேரம் விட்டு, தலைக் காற்றுப்பைகளின் இணைப்பை எடுக்க வேண்டும். பிறகு முன் பின் கண்ணாடிகள், உள்கூரைத் துணி, சன்ரூஃப் பெட்டி. வண்டி சமதளத்தில் நான்கு சக்கரத்தில் நிற்கட்டும். கூரை போனபின் ஒரு மூலையில் மட்டும் ஜாக் வைத்துத் தூக்கவே கூடாது; திறப்பு கோணிவிடும். மூலைவிட்டம் இரண்டையும் வெட்டுமுன் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள், ஒட்டுமுன் மறுபடி அளக்க வேண்டும்.

முதலில் ஓரத்திலிருந்து மூன்று நான்கு செ.மீ. உள்ளே தள்ளி நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிடலாம். நிதானம் வேண்டியது அதற்குப் பிறகுதான். விளிம்பில் மிஞ்சும் பட்டை ஸ்பாட் வெல்டிங்கில், புள்ளி புள்ளியாக, பிடித்திருக்கும். 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகட்டை மட்டும் குடைய வேண்டும். அடித் தகட்டில் ஓட்டை விழுந்தால் அது சட்டத்தில் விழுந்த ஓட்டை. வெல்டு வைத்து அடைத்துத் தேய்க்காமல் மேலே போகக் கூடாது. மிஞ்சிய குமிழ்களை 10 மி.மீ. பெல்ட் சாண்டரால் சமமாக்கினால் போதும், கிரைண்டர் தகட்டை மெலிய வைத்துவிடும்.

குறுக்குச் சட்டங்களில் யாரும் கை வைக்கக் கூடாது. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பவை அவைதான். சன்ரூஃப் வண்டியாக இருந்தால், சன்ரூஃப் இல்லாத மாடலின் நடுச் சட்டத்தையும் உள்கூரையையும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். சன்ரூஃபின் நான்கு வடிகால் குழாய்களையும் மறக்காமல் அடையுங்கள்.

டோங்காட்: எபாக்ஸிப் பசையா, கண்ணாடி ஒட்டும் பாலியூரிதேனா? எவ்வளவு வாங்க வேண்டும்?

இந்த வேலையின் உயிரே பசைதான். இரும்பு ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 12 மைக்ரான் நீளும். கார்பன் அனேகமாக நீளவே நீளாது. கூரையின் நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குளிர் இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் 60 டிகிரி வித்தியாசம் என்றால், இரும்புச் சட்டம் கார்பனைவிடக் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. அதிகமாக நீளும். தினமும் நீளும், தினமும் சுருங்கும். அரை மி.மீ. தடிப்பில் இறுகிப்போன எபாக்ஸி இதைத் தாங்காது. ஒன்று ஓரம் பிரியும், இல்லையென்றால் பசைக்கோடு மேலே தெரியும். அதனால் வலுவான, நெகிழ்வுள்ள பாலியூரிதேன், மூன்று மி.மீ. தடிப்பில். அந்தத் தடிப்பு நிலைக்க 3 மி.மீ. ரப்பர் துண்டுகளைச் சுற்றிலும் 20 செ.மீ.க்கு ஒன்றாக வைக்க வேண்டும்.

அளவு: சுற்றளவு ஐந்து மீட்டர். அடி 10 மி.மீ., உயரம் 12 மி.மீ. முக்கோணமாக இழுத்தால் 300 மி.லி. ஆகும். 600 மி.லி. பை ஒன்று போதும். ஆனாலும் இரண்டு பைகள் கையில் இருக்கட்டும், பாதியில் தீர்ந்தால் இணைப்பில் ஒழுகும்.

டர்பனில் இன்னொரு சங்கடம் உண்டு. இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. கோடையில் உங்கள் பக்கம் சீக்கிரமே தோல் கட்டிவிடும். தோல் கட்டியபின் பேனலை வைத்தால் ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. நான்கு பேர் தயாராக நின்று, பசை இழுத்த கையோடு பேனலை இறக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ்: காற்று வறண்டு கிடக்கும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு மி.மீ. இறுகுவதும் நடக்காது. ஒரு வாரம் வண்டியை அசைக்காதீர்கள். எடைக்கு மணல் மூட்டைகளைப் பரவலாக வையுங்கள். கயிறு கட்டி முறுக்கினால் பசை பிதுங்கி வெளியேறிவிடும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: முன் கண்ணாடி பழையபடி உட்காருமா?

மிக நல்ல கேள்வி, தங்கச்சி, பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கண்ணாடியின் மேல் விளிம்பு கூரையின் மடிப்பின் மேல்தான் ஒட்டுகிறது. 0.8 மி.மீ. இரும்பு இருந்த இடத்தில் பசையும் கார்பனுமாக நான்கைந்து மி.மீ. வந்தால் கண்ணாடி தூக்கி நிற்கும், காற்று சத்தம் போடும். நல்ல பேனலில் இதற்காக மடிப்பைத் தாழ்த்தி வார்த்திருப்பார்கள். ரப்பர் துண்டுகளை வைத்து, பசை இல்லாமல், பேனலையும் கண்ணாடியையும் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிடுங்கள். அந்த மடிப்பில் பளபளப்பு வார்னிஷ் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து ப்ரைமர் அடித்தபிறகே கண்ணாடியை ஒட்ட வேண்டும்.

ஃபீனிக்ஸ்: கார்பன் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்கிறார்களே?

உண்மைதான். கார்பன் மின்சாரம் கடத்தும். உப்பு ஈரம் நடுவில் வந்தால் இரண்டும் சேர்ந்து மின்கலம் ஆகிவிடும், அரிக்கப்படுவது இரும்பு. கடற்கரை ஊரில் இது வேகமாக நடக்கும். வெட்டிய இடம் எல்லாம் இரண்டு கலவை எபாக்ஸி ப்ரைமர் அடித்து முழுதாகக் காயட்டும், பசை அதன் மேல். துத்தநாக ஸ்ப்ரே பசைக்கு அடியில் வேண்டாம், தகட்டிலிருந்து உரிந்து வரும். பேனலின் கண்ணாடி நார் அடுக்கு இரண்டாவது காவல். ஸ்க்ரூ, ரிவெட் எதுவும் போடாதீர்கள். ஒவ்வொன்றும் கார்பனையும் இரும்பையும் மின்சாரத்தால் இணைக்கும் ஒரு பாலம்.

லெனேசியா: இன்ஷூரன்ஸ், டிராக்கர் (வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) விஷயம்?

காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலைக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். டிராக்கரின் ஆன்டெனா உள்கூரைக்கு மேலே இருந்தால் கார்பன் சிக்னலை மறைக்கும். கண்ணாடிக்கு அடியில் டாஷ்போர்டுக்கு மாற்றி, சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

பெனோனி: அண்ணே, எங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் ஆலங்கட்டி மழைக்கு இது தாங்குமா?

இரும்பு மாதிரி குழி விழாது, ஆனால் உள்ளே அடுக்கு பிரியலாம். மழை விட்டதும் ஒரு நாணயத்தால் கூரை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்று கேட்கிற இடம் நல்லது. மந்தமாக, பொத்தென்று கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நடுவில் சின்ன வட்டம் என்றால் கார்பன் வேலை தெரிந்தவர் சீவி எடுத்து அடுக்கு வைத்துச் சரி செய்வார். வட்டம் ஓரத்துப் பசைக்கோட்டைத் தொட்டால் பேனலையே மாற்ற வேண்டும்.