அமிகாவா, அட்டாரி எஸ்டியா: 1980களில் ரசிகர்கள் ஏன் அப்படி மோதிக்கொண்டார்கள்?

இரண்டும் 1985இல் வந்த வீட்டுக் கணினிகள், இரண்டிலும் மோட்டோரோலா 68000 என்ற செயலிச் சில்லுதான். அப்புறம் ஏன் சண்டை என்று கேட்கிறீர்கள். பகை நிறுவனங்களிடமே இருந்தது. கமடோர் என்ற கணினி நிறுவனத்தை நிறுவிய ஜாக் டிராமியல் 1984இல் அங்கிருந்து வெளியேறி, அதே ஆண்டு அட்டாரியின் வீட்டுக் கணினித் தொழிலை வாங்கினார். கமடோரோ அமிகாவை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது.

அமிகாவில் படத்துக்கும் ஒலிக்கும் தனிச் சில்லுகள், 4096 வண்ணங்கள். எஸ்டியில் 512 வண்ணங்களிலிருந்து ஒரு நேரத்தில் 16தான் திரையில் வரும். ஆனால் எஸ்டி விலை குறைவு. மின்னணு இசைக்கருவிகளைக் கணினியோடு சேர்க்கும் மிடி இணைப்பு உள்ளேயே இருந்ததால் இசைக்கலைஞர்கள் அதைத்தான் தேடினார்கள். செயலியும் 8 மெகாஹெர்ட்ஸில் சற்று வேகமாக ஓடியது.

அமிகாக்காரர்களின் கோபத்தில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது. பல விளையாட்டுகளை எஸ்டிக்கு எழுதிவிட்டு அப்படியே அமிகாவுக்கு மாற்றினார்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய சில்லுகள் வேலையே இல்லாமல் கிடந்தன!

அப்போது வீட்டுக்கு ஒரு கணினிதான் கட்டுப்படியாகும். நண்பனிடம் அதே கணினி இருந்தால்தான் வட்டுகளை மாற்றிக்கொள்ள முடியும். அதனால் ஒவ்வொருவரும் தன் பக்கத்துக்கு ஆள் சேர்க்கத்தான் செய்வார்கள்.