புது ரயிலுக்கு முன் பாதையைப் பாருங்கள்

வணக்கம். 300 கிலோமீட்டர் வழித்தடத்துக்கு மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் புது ரயில் வாங்குவதா, பாதையைச் சீர்செய்வதா என்று கேட்டிருந்தீர்கள். பாதைதான் முதலில். 10 கிலோமீட்டரை 130-க்குப் பதில் 160-இல் கடந்தால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. பழைய பாலத்தை ஒட்டி 30-இல் ஊர்ந்து போகும் 2 கிலோமீட்டரை 100-க்கு உயர்த்துங்கள், ஏறக்குறைய மூன்று நிமிடம் கையில் நிற்கும். ஒற்றைப் பாதை என்றால் எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட (கிராசிங்) காத்துக் கிடக்கும் நேரத்தையும் எண்ணுங்கள்.

அப்புறம், எத்தனை நிமிடம் குறைக்க வேண்டும் என்பதை இணைப்பு ரயில்களை வைத்து முடிவு செய்யுங்கள். சுவிட்சர்லாந்தில் சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் இரு முனையிலும் இணைப்பு கிடைக்கும் என்று கணக்கிட்டுத்தான் புதுப் பாதை போட்டு 2004-இல் திறந்தார்கள்.

உங்கள் தடத்தில் எங்கெங்கே வேகக் கட்டுப்பாடு என்ற பட்டியல் இருந்தால் போடுங்கள், சேர்ந்தே கணக்குப் பார்க்கலாம்.